மாடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம்

“அய்யா, இந்தப் பிளக்க எடுத்துட்டு நம்ம பெட்டிக்குப் போட்டுக்கலாமா?”

ஃபிரீசர் பெட்டியோடு வந்திருந்த சிலம்பரசன் வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவிட்சு போர்டின் முன்னால் குந்தியிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் பெட்டியின் கறுப்பு வயர். அந்தக் கூடத்தில் பெரிய பிளக்கு நுழைகிற துளை அது ஒன்றுதான். கண்ணையன் காதில் அவன் கேட்டது விழுந்தும் விழாமலும் இருந்தது. பாயில் கிடத்தியிருந்த மனைவி செல்வாம்பாளின் கால் கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்து முக்கால் மணி நேரம்தான் ஆகிறது. விரல்களைச் சேர்த்துக் கட்டிய துணியை யாரோ முடிச்சுப் போடாமல் சும்மா சுற்றிவிட்டிருந்தார்கள்.

“அய்யா.”

“எடு.”

“இல்ல, இதுல என்னமோ எழுதி ஒட்டியிருக்குது. ஆஃப் பண்ணாதீங்கன்னு.” சிலம்பரசன் சுவிட்சுக்கு மேலே ஒட்டியிருந்த பிளாஸ்திரியை விரலால் தடவினான். “ஆனா ஆஃப்லதான் இருக்குது.”

கண்ணையன் சட்டென்று தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தார். கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். பாதிப்பேர் அழுதுகொண்டிருந்தார்கள், மீதிப்பேர் யார் யாருக்குப் போன் போட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் போர்டு பக்கம் திரும்பவில்லை.

“எடுன்னு சொன்னேன் இல்ல” என்றார்.

சிலம்பரசன் பின்னைப் பிடுங்கி, அந்த வெள்ளை வயரைச் சுருட்டி, ஜன்னல் கம்பியில் ஒழுங்காக மாட்டினான். பிறகு தன் பெட்டியின் வயரைச் செருகிச் சுவிட்சைப் போட்டான். பெட்டி ஒரு தரம் குலுங்கிவிட்டு உறுமத் தொடங்கியது. நாலு பேர் சேர்ந்து செல்வாம்பாளைத் தூக்கி உள்ளே வைத்துக் கண்ணாடி மூடியைப் போட்டார்கள். கண்ணையன் ஜன்னல் கம்பியில் தொங்கிய வெள்ளை வயரைப் பார்த்தார். அது கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, வெளிச்சுவரோடு ஏறி, மாடிக்குப் போகிறது. மாடியில் புதினாவுக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாருக்கு.

செல்வாம்பாளின் புதினா என்றால் முத்தியால்பேட்டையில் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்கு முன்னாலும் சிமெண்டு, பின்னாலும் சிமெண்டு. ஒரு பிடி மண் கிடையாது. அவள் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அங்கே மிச்சமான புதினாக்கட்டிலிருந்து நாலு தண்டை முந்தானையில் முடிந்து கொண்டுவந்தாள். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டினாள், அடி இலைகளைக் கிள்ளிப் போட்டாள், காப்பி டம்ளர் தண்ணீரில் நிற்கவைத்தாள். எட்டாம் நாள் கணுவிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர் விட்டது. அன்றிலிருந்து போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தாள். மண்ணே இல்லாமல் தண்ணீரிலேயே வளர்க்கலாம் என்று எவனோ சொல்ல, நாலு இஞ்ச் பிளாஸ்டிக் குழாய் ஆறு வாங்கி, வரிசையாக ஓட்டை போடச் சொல்லி, மாடியில் பச்சை வலைக்குக் கீழே அடுக்கிவிட்டாள். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு சின்ன வலைக்கப்பு, அதில் பஞ்சு சுற்றிய ஒரு தண்டு. மூலையில் நீல டிரம். டிரம்முக்குள் கிடக்கிற மோட்டார் சத்துத் தண்ணீரை மேல் குழாயில் ஏற்றும். அது ஒவ்வொரு குழாயாக இறங்கி, வேர்களை நனைத்துக்கொண்டு, திரும்ப டிரம்மிலேயே வந்து விழும். பகல் முழுவதும் ஓட வேண்டும். நின்றால் வேர் காய்ந்துவிடும். இதுதான் மொத்தச் சூட்சுமம்.

அந்த டிரம் முதலில் படுக்கையறைக்கு நேர் மேலே இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் கண்ணையன் உப்பளத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் ராத்திரிக் காவல் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் ஏழரைக்கு வந்து படுத்தால் மேலே மோட்டார் உர்ரென்று இருக்கும், தண்ணீர் சலசலவென்று விழும். தூக்கம் பிடிக்காது. சொன்னபோது செல்வாம்பாள் சிரித்தாள். “மில்லுல நூறு தறி சத்தத்துல இருபத்தாறு வருஷம் நின்ன மனுஷன். தம்மாத்துண்டு மோட்டாருக்குத் தூக்கம் வரலையாம்.” ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழு டிரம்மையும் காலி செய்து, எதிர் மூலைக்கு இழுத்துப்போய், அடியில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிப் பரப்பி, மறுபடி ரொப்பினாள். வியர்த்து விறுவிறுத்து இறங்கி வந்து, “இப்ப எப்டி இருக்குது?” என்று கேட்டாள்.

“இப்ப பரவால்ல” என்றார் கண்ணையன்.

பரவாயில்லாமல் இல்லை. சத்தம் குறைந்திருந்தது, ஆனால் அவர் காது அதைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அவ்வளவு பாடுபட்டவளிடம் மறுபடி எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. மறுநாள் அவள் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பியதும் போய்ச் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்தார். அவள் ஒரு மணிக்குத்தான் வருவாள். பன்னிரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்து, சுவிட்சைப் போட்டுவிட்டார். அன்றைக்கு நன்றாகத் தூங்கினார். அடுத்த நாளும் அப்படியே. பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது.

நேற்று வரைக்கும், இல்லை, இன்று காலை வரைக்கும்.

இன்று பன்னிரண்டரைக்கு அலாரம் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து சுவிட்சுக்குக் கையை நீட்டினார். ஜன்னல் வழியே வெளியிலிருக்கும் மாடிப்படி தெரியும். முதல் படிக்குக் கீழே செல்வாம்பாளின் செருப்பும் கூடையும் இருந்தன. பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டிருந்தார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவள், படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொன்னவள். நீட்டிய கையை அப்படியே விட்டுவிட்டு, வாசற்கதவின் உள்தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஓடினார்.

குழாய்களுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். கையில் குளிக்கிற சிவப்பு மக்கு இருந்தது. மேல் குழாயின் வாய் ஈரமாக இருந்தது. டிரம்மிலிருந்து மக்கால் மொண்டு மொண்டு ஊற்றியிருக்கிறாள்.

பார்த்தவர்கள் எல்லோரும், செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போன இடத்தில் போய்விட்டாள் என்றார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஐந்து மணிக்கு மதாம் ஜிஸ்லேன் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தாள். அடுத்த தெருக்காரி. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், இறந்து பத்து வருஷமாகிறது. சாம்பல் நிற கவுனும் கழுத்தில் சின்னச் சிலுவையுமாக, எழுபது வயதிலும் நிமிர்ந்து நடப்பாள். தினமும் சாயங்காலம் புதினா போட்ட தேத்தண்ணீர் குடிக்காவிட்டால் அவளுக்கு ஆகாது. வாரத்துக்கு இரண்டு கட்டு செல்வாம்பாள் கொடுத்தனுப்புவாள். புதினாவை ஜிஸ்லேன் பிரெஞ்சில் மாந்த் என்றுதான் சொல்வாள்.

பெட்டிக்கு முன்னால் நின்று சிலுவை போட்டாள். வெகுநேரம் உதடு அசைந்தது. பிறகு வெளியே வந்து கண்ணையனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஞாயித்துக்கெழம கூட மாந்த் கொண்டாந்து குடுத்தா. நல்லாத்தான பேசிக்கிட்டிருந்தா.”

“ஆமா மதாம்.”

“எல ஓரம் கருகுது மதாம், என்னான்னே தெரியலன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்தா. பதினஞ்சு நாள் இருக்கும், என்னை ஒண்ணு கேட்டா. மதாம், காலையில ஒம்போது பத்து மணிக்கு உங்க பக்கம் கரண்டு போகுதான்னு. நோன், ஒருநாளும் போகலியேன்னேன். ரெண்டு தெருவுக்கும் ஒரே லைன்தான? சரி மதாம்னு போயிட்டா.” ஜிஸ்லேன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். “எதுக்குக் கேட்டாளோ பாவம்.”

கண்ணையன் நாளை எண்ணிப் பார்த்தார். பதினைந்து நாள். சுவிட்சுக்கு மேலே அந்தப் பிளாஸ்திரி வந்ததும் ஏறக்குறைய அப்போதுதான். ஒருநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்தபோது பார்த்தார். காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்திரி, அதில் நீலப் பேனாவால் ஆஃப் பண்ணாதீங்க. கேபிள்காரன் வந்தால் எதையாவது அணைத்துவிட்டுப் போகிறான், அவனுக்குத்தான் ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். வேறு மாதிரி தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. தோன்றியதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மறுநாள் காலையில் பிளாஸ்திரிக்குக் கீழே விரலை வைத்து அணைத்துவிட்டுப் படுத்தார்.

அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். அவளுக்குச் சண்டை போடத் தெரியாது என்பதில்லை, ரேஷன் கடையில் போட்டால் தெருமுனை வரை கேட்கும். இதற்கு மட்டும் போடவில்லை.

மகள் கவிநிலா சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர ஆறரை ஆகிவிட்டது. ஒரே பெண். கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். கண்ணாடிக்கு மேல் முகத்தை வைத்துத் தேய்த்தாள். செல்வாம்பாளின் தம்பி நெடுமாறன்தான் அவளை மெல்லத் தூக்கி நிறுத்திச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தான். அவன் கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்ததிலிருந்து பந்தல், நாற்காலி, மேளம் என்று எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டு அலைந்துகொண்டிருந்தான். அழ அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் கவிநிலா அப்பாவிடம் வந்தாள்.

“அம்மா எதுக்குப்பா தனியா மேல போச்சு?”

கண்ணையன் தரையைப் பார்த்தார்.

“நீதான மேல பாத்துக்கறேன்னு சொன்ன. ஆபரேஷன் முடிஞ்சப்போ எங்கிட்ட சொன்ன இல்ல, இனிமே அம்மாவப் படி ஏறவுட மாட்டேன்னு. ஞாயித்துக்கெழம மட்டும் கையப் புடிச்சு இட்டுனு போறேன்ன.”

“தெரியலம்மா. நான் தூங்கிட்டிருந்தேன்.”

சொன்ன இரண்டில் ஒன்றுதான் உண்மை. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அப்பாவின் தோளில் கை வைத்து, “நீ என்னா பண்ணுவ, நைட்டு முழிச்சுட்டு வந்து தூங்கற மனுஷன்” என்றாள். அந்தக் கையின் கனத்தை அவரால் தாங்க முடியவில்லை. வெளியே போய்த் தண்ணீர் குடிப்பதுபோல் நின்றார்.

பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. ராத்திரி முழுக்க அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்போது எழுந்துபோய் மோட்டாரைப் போடவும் வழியில்லை. துளை ஒன்று. அதில் செல்வாம்பாளுக்கு வேண்டிய குளிர் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் நெடுமாறன் எல்லோருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது கவிநிலா மாடிப்படியில் இறங்கி வந்தாள். அவள் எப்போது மேலே போனாள் என்று கண்ணையன் கவனித்திருக்கவில்லை. கையில் ஒரு பிடி புதினா இருந்தது. அதைப் புதினா என்று சொல்ல முடியாது. இலைகள் கறுத்துச் சுருண்டு, தண்டு துவண்டு, அவித்த கீரை மாதிரி தொங்கியது.

“அம்மா தலையில வைக்கலாம்னு போனேன்” என்றாள். “எல்லாம் போச்சு. ஆறு பைப்பும் காஞ்சு கெடக்குது.”

அவள் கண் ஜன்னல் கம்பியில் சுருட்டி மாட்டியிருந்த வெள்ளை வயரில் நின்றது. பிறகு போர்டில். பெட்டியின் கறுப்பு வயரில்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெட்டியில் குளிர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சிலம்பரசன் வந்து சேர்ந்தான்.

“நீங்கதான இந்தப் பிளக்கப் புடுங்கனது?” என்றாள் கவிநிலா.

“ஆமாக்கா. வேற பாயிண்டு இல்ல.”

“அதுல எழுதி ஒட்டியிருக்குது இல்ல? படிக்கத் தெரியாதா? எங்கம்மா கையெழுத்து அது. ரெண்டு வருஷமா வளத்துச்சி. மேல வந்து பாருங்க, ஒண்ணு உசுரோட இல்ல. ஒரு வார்த்த கேட்டுட்டுச் செய்யறதுக்கு என்னா?”

பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சிலம்பரசன் வாயைத் திறந்தான். கண்ணையனைப் பார்த்தான். அந்தப் பார்வை வந்து தொட்டதும் கண்ணையன் தேநீர் டம்ளரைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு வார்த்தை போதும். நான்தான் எடுக்கச் சொன்னேன் என்றாவது சொல்லலாம். சொல்லாவிட்டால் இது இப்படியே முடிந்துவிடும் என்று உள்ளே ஒரு மனசு கணக்குப் போட்டது. பிளக்கைப் பிடுங்கியவன் சிலம்பரசன். புதினா செத்தது அதனால். அம்மா மாடிக்குப் போனது ஏனென்று யாருக்கும் தெரியாது. எல்லாம் தானாகவே பொருந்திக்கொண்டு நின்றது.

“தப்புதான்க்கா” என்றான் சிலம்பரசன். “அவசரத்துல பாக்கல. மன்னிச்சிருங்க.”

அவன் குனிந்து பெட்டியின் மீட்டரைப் பார்த்துவிட்டு, வெளியே போய்ப் பந்தல்காலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். சாவு வீட்டில் எதிர்த்துப் பேசக்கூடாது என்று அவன் தொழில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. கண்ணையனுக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்தொரு வயதில், இதைவிட வெட்கமாக அவருக்கு எப்போதும் இருந்ததில்லை.

பத்தரைக்குப் பெட்டியைத் திறந்தார்கள். செல்வாம்பாளை வாசலுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். நெடுமாறன் பிறந்த வீட்டுக் கோடியாகக் கொண்டுவந்த அரக்குப் பட்டைப் போர்த்தினார்கள். சுமங்கலியாகப் போகிறாள், கொடுத்துவைத்தவள் என்று யாரோ சொன்னார்கள். வாய்க்கரிசி போடக் கண்ணையனைக் கூப்பிட்டார்கள். மூன்று தரம் போட்டார். மூன்றாம் தரம் போட்டபோது இரண்டு அரிசி அவள் உதட்டோரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. கையால் தள்ளிவிட்டார். உதடு சில்லென்றிருந்தது.

மேளம் ஒரு கணம் நின்றபோதுதான் மேலே அந்தச் சத்தம் கேட்டது. மோட்டார்.

திரும்பிப் பார்த்தார். பெட்டிக்கு இனி வேலை இல்லை என்றதும் சிலம்பரசன் அதன் வயரைப் பிடுங்கியிருந்தான். அதைக்கூடச் சுருட்டி வைக்காமல், முதல் வேலையாக ஜன்னல் கம்பியிலிருந்த வெள்ளை வயரை எடுத்து, பின்னைச் செருகி, பிளாஸ்திரிக்குக் கீழே சுவிட்சைப் போட்டிருந்தான். மாடியில் தண்ணீர் ஏறி, குழாய் குழாயாக இறங்கி, டிரம்மில் விழ ஆரம்பித்தது. கவிநிலாவும் நிமிர்ந்து பார்த்தாள். சிலம்பரசன் அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினான். இனிமேல் சரியாகிவிடும் என்பதுபோல.

“அவர் பண்ணல” என்றார் கண்ணையன்.

சத்தமாகத்தான் வந்தது. மேளக்காரர்கள் அடுத்த அடிக்குக் கையை ஓங்கியவர்கள் நிறுத்தினார்கள்.

“என்னாப்பா?”

“அவர் வரும்போதே அது ஆஃப்லதான் இருந்துச்சி. நான் ஆஃப் பண்ணது.”

கவிநிலாவுக்குப் புரியவில்லை. “நேத்தா? எப்போ?”

“காலையில. அம்மா வேலைக்குப் போனதும்.” அவர் கை அரிசி மாவாக இருந்தது, வேட்டியில் துடைத்தார். “தூக்கம் வரல, சத்தம். நேத்து மட்டும் இல்லம்மா. டெய்லி. நான் டூட்டிக்குப் போன நாள்லேர்ந்து. அம்மா வரதுக்குள்ள போட்டுருவேன்.”

மகள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்வது அவருக்குத் தெரிந்தது. எட்டு மாதமாகத் தினமும் ராத்திரி அம்மாவும் பெண்ணும் போனில் பேசியது எதைப் பற்றி? இலை ஏன் கருகுகிறது. வேர் ஏன் பழுப்பாகிறது. சத்து மருந்து கூடிப்போச்சா, தண்ணீரில் உப்பு அதிகமா, வலையை இரட்டையாகக் கட்டலாமா. கவிநிலா சென்னையில் எங்கேயோ தேடி, தண்ணீர் பார்க்கிற பேனா மாதிரி மீட்டர் வாங்கி அனுப்பினாள். கண்ணையன்தான் தினம் காலையில் மேலே போய் அதை முக்கிப் பார்த்து, எண்ணைச் சொல்லி, கருகின இலையைக் கிள்ளிக் கொண்டுவந்து செல்வாம்பாள் கையில் கொடுப்பார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். “வெயில்தான் போல” என்பார் அவர்.

“அப்போ அந்த வேரு…” என்று ஆரம்பித்தாள் கவிநிலா. முடிக்கவில்லை.

“ஆமா.”

நெடுமாறன் இடையில் வந்து நின்றான். அக்கா முகத்தைப் பார்த்தான், மாமா முகத்தைப் பார்த்தான். “நேரமாவுது மாமா” என்றான். குரல் வேறு மாதிரி இருந்தது. “பதினோரு மணிக்கு அங்க சொல்லி வச்சிருக்குது.”

தூக்கினார்கள். கருவடிக்குப்பம் சுடுகாடு வரைக்கும் கண்ணையன் முன்னால் கொள்ளிச் சட்டி பிடித்து நடந்தார். பிள்ளை இல்லாததால் கொள்ளியும் அவர்தான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். கவிநிலா தெருமுனை வரைக்கும்கூட வரவில்லை.

திரும்பி வந்தபோது மணி நாலு. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெட்டி போயிருந்தது. சிலம்பரசனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று சுடுகாட்டிலிருந்து நினைத்துக்கொண்டே வந்தார், அவன் எப்போதோ போயிருந்தான். தலை முழுகிவிட்டு வந்தவருக்கு, ஜிஸ்லேன் கொடுத்தனுப்பிய சாதத்தை யாரோ தட்டில் போட்டு நீட்டினார்கள். நாலு வாய் தின்றார். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார்கள். நெடுமாறனும் மறுநாள் பால் தெளிக்க வருவதாக மகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கை கழுவச் சமையலறைக்குப் போனார். நேற்றிலிருந்து மூட்டாத அடுப்பு. அதற்குப் பக்கத்தில், மேடையில், வீட்டிலிருந்த டம்ளர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. எவர்சில்வர் டம்ளர், கண்ணாடி டம்ளர், ஒரு பழைய ஜாம் பாட்டில். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் நீளத்தில் புதினாத் தண்டு. கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி எடுத்திருந்தது. நுனியில் மட்டும் இரண்டு மூன்று இலை, வாட்டத்தோடு. கவிநிலா மேடைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். நகக்கண் எல்லாம் பச்சை. மடியில் சிவப்பு மக்கு இருந்தது.

“பதினொண்ணுதான் தேறுச்சி” என்றாள். அவரைப் பார்க்கவில்லை.

“வேரு வரும்.”

“தெரியும்.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது.

“அந்த மக்கு அம்மா கையில இருந்துச்சி. டிரம்முலேர்ந்து மொண்டு ஊத்தியிருக்கு.”

“ம்.”

“கதவத் தட்டியிருக்கலாம். நான் எந்திரிச்சுப் போட்டிருப்பேன்.”

கவிநிலா மக்கைத் தரையில் வைத்தாள். “இந்த வீட்டுல இருக்கிறது ரெண்டு பேரு” என்றாள். “அம்மா அந்தப் பிளாஸ்திரிய யாருக்குப்பா எழுதி ஒட்டிச்சி?”

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எழுந்து, ஜாம் பாட்டிலில் சாய்ந்திருந்த ஒரு தண்டை நிமிர்த்திவைத்தாள்.

படுக்கையறையில் போய் உட்கார்ந்தார். நேற்று மத்தியானத்திலிருந்து கண்ணை மூடவில்லை. உடம்பு தானாகச் சாய்ந்தது. ஜன்னலில் வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தது. தலையணைக்குப் பக்கத்தில் செல்வாம்பாளின் தலையணை. அதில் அவள் தேங்காயெண்ணெய்க் கறை. அதைத் தொடாமல் படுத்தார்.

கூடத்தில் காலடி கேட்டது. கவிநிலா கதவருகே வந்து நின்றாள். அங்கிருந்து கையை நீட்டினால் சுவிட்சு போர்டு எட்டும்.

“தூங்கணும்னா சொல்லுப்பா” என்றாள். “ஆஃப் பண்றேன்.”

கோபமாகச் சொன்னாளா, கரிசனமாகச் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் குரல் அவள் அம்மாவுடையதுபோல இருந்தது.

“வேணாம்மா. ஓடட்டும்.”

அவள் சமையலறைக்குத் திரும்பிப் போனாள்.

கண்ணையன் மல்லாந்து படுத்து மாடியைக் கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் நின்றுவிட்டதோ என்று பயம் வந்தது. தலையைத் தூக்கினார். மூச்சை அடக்கினார். வெகுநேரம் கழித்து, எதிர் மூலையிலிருந்து, சைக்கிள் டியூப்பின் மேல் உட்கார்ந்திருந்த டிரம்முக்குள் தண்ணீர் விழுவது இருக்கிறதா இல்லையா என்பதுபோலக் கேட்டது. மூச்சை விட்டால் அது மறைந்துவிடும். அவர் மூச்சை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.